டாக்டர் சீட்டு இல்லாத மாத்திரை

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



எனக்குக் கொடுத்த தலைப்பு போதையும் குடும்பமும். போதை என்று சொன்ன உடனே நம்ம எல்லாருக்கும் சாராயம்தான் ஞாபகத்துக்கு வரும். 2023 மே மாசம் எக்கியார்குப்பத்தில் நடந்ததை நம்மால் மறக்க முடியுமா? மெத்தனால் விஷம் கலந்த சாராயத்தைக் குடித்து, நமக்குத் தெரிஞ்ச குடும்பங்களில் எத்தனை சாவு விழுந்தது. அதனால சாராயத்தைப் பத்தி மரக்காணத்துக்காரிகளுக்கு நான் புதுசா பாடம் நடத்த வேண்டியதில்லை.

நான் பேச வந்தது இன்னொரு பழக்கத்தைப் பத்தி. அதுக்கு வாடை கிடையாது. பாட்டில் கிடையாது. புருஷன் குடிச்சா நாம சண்டை போடுவோம், ஆனா இதைப் போடுறவங்களை யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டோம். ஏன்னா அது மருந்து. நம்ம சுருக்குப் பையில் வெத்தலை பாக்கோட சேர்ந்து கிடக்குது. மாத்திரையைத்தான் சொல்றேன்.

தை பிறந்து பாத்தி கட்ட ஆரம்பிச்சா மழை வர்ற வரைக்கும் நம்ம வேலை எப்படின்னு வெளியூர்க்காரங்களுக்குத் தெரியாது. பாத்தியில் நின்னு குனிஞ்சு உப்பை வாரணும். கூடையில் அள்ளித் தலையில் வச்சு மேட்டுக்குச் சுமக்கணும். இடுப்பும் முட்டியும் கழுத்தும் விட்டுப் போகும். கீழே உப்புத் தண்ணி, மேலே வெயில், வெள்ளையில் கண் கூசும். ராத்திரி படுத்தா தூக்கம் வராது. மறுநாள் விடியும்போது திரும்பப் போகணும். அப்போ பக்கத்து வீட்டு அக்கா சொல்லுவாங்க, "ஒரு செட்டு வாங்கிப் போட்டுக்கடி, பஞ்சு மாதிரி ஆயிடும்." உண்மைதான், பஞ்சு மாதிரி ஆயிடும். அதனாலதான் அதை விட முடியறதில்லை.

அந்த செட்டுக்குள்ள என்ன இருக்குதுன்னு நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கோம்? அட்டையிலிருந்து பிரிச்சு, ஒரு சின்ன காகிதக் கவரில் வெள்ளை ஒண்ணு, மஞ்சள் ஒண்ணு, சிவப்பு ஒண்ணுன்னு போட்டுத் தர்றாங்க. பேர் கிடையாது, தேதி கிடையாது, பில் கிடையாது. அரிசி வாங்கினா அள்ளி மோந்து பார்க்கிறோம். வயித்துக்குள்ள போற மாத்திரையை மட்டும் பார்க்கவே மாட்டேங்கிறோம்.

வலிக்கும் தூக்கத்துக்கும் தர்ற மாத்திரை எல்லாம் ஒரே ஜாதி இல்லை. எனக்குப் புரிஞ்ச மாதிரி நாலா பிரிச்சுச் சொல்றேன்.

முதல் வகை, டைக்ளோபினாக், அசிக்ளோபினாக், இபுபுரூபன் மாதிரி வலி மாத்திரைகள். இதுல போதை வராது. ஆனா தினமும் போட்டா வயித்துல புண் வரும், ரத்தக் கசிவு வரும், சிறுநீரகம் கெடும். நமக்கு இது மத்தவங்களை விட ஆபத்து. ஏன் தெரியுமா? சிறுநீரகத்துக்கு ரத்தம் போற குழாயை இந்த மாத்திரை சுருக்குது. உடம்புல தண்ணி குறைஞ்சிருக்கும்போது அந்தச் சுருக்கம் இன்னும் கெடுதல் பண்ணும். உப்பளத்தில் ஒதுங்க இடம் கிடையாது, அதனால நாம தண்ணியே குடிக்கிறதில்லை. வேர்வையில் போறது போக, குடிக்கிறதும் இல்லை, மேல மாத்திரை வேற. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்து ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு உப்பளங்களில் வேலை செய்றவங்களைப் பரிசோதிச்சு, வெயில் சூட்டாலும் தண்ணி இல்லாத வேலையாலும் சிறுநீரகத்துக்குக் கேடு வருதுன்னு எழுதியிருக்காங்க. வெயில் ஒரு பக்கம் அடிக்கும்போது நாம மாத்திரையால இன்னொரு பக்கம் அடிக்கிறோம்.

தலைவலிக்காரங்களுக்கு ஒரு வார்த்தை. மாசத்துல 15 நாள், அதுக்கு மேல வலி மாத்திரை போட்டுக்கிட்டே வந்தா, அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டு வரும். வலிக்குதுன்னு போடுவோம், போட்டதால திரும்ப வலிக்கும்.

ரெண்டாவது வகை, டிரமடால், டபென்டடால், கோடீன் கலந்த இருமல் மருந்து. இதெல்லாம் அபின் மாதிரி மூளையில் போய் வேலை செய்றது. ஆபரேஷன் ஆனவங்களுக்கு, கடுமையான வலி உள்ளவங்களுக்கு டாக்டர் அளவா தருவாங்க. அளவு மீறினா இது முழு போதை.

மூணாவது, அல்பிரசோலம், டயசிபாம் மாதிரி தூக்க மாத்திரை, பதட்டத்துக்குத் தர்ற மாத்திரை. ரெண்டு வாரம், நாலு வாரம்னு கொஞ்ச நாளைக்குக் கொடுப்பாங்க. நாம பழைய சீட்டையே காட்டி வருஷக்கணக்கா வாங்கிப் போடுறோம்.

நாலாவது, ஸ்டீராய்டு. டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன்னு பேர் வரும். இது பல நோய்க்கு உயிர் காக்கிற மருந்து. ஆனா பேர் தெரியாத செட்டுக்குள்ள இதையும் சேர்த்துடுறவங்க இருக்காங்க. வலி மாயமா மறையும், பசி எடுக்கும், முகம் உப்பும். உடம்பு தேறிடுச்சுன்னு நாம சந்தோஷப்படுவோம். உள்ளே எலும்பு பலம் குறையும், சர்க்கரை ஏறும், பிரஷர் ஏறும்.

இது எங்க வீட்டிலேயே நடந்தது. என் மாமியார் அனுமதி கொடுத்ததால சொல்றேன். அவங்க 20 வருஷத்துக்கு மேல உப்பு வாரினவங்க. முட்டி வலிக்குன்னு தினம் ஒரு செட்டு, நாலு வருஷம் போட்டாங்க. எந்தக் கடைன்னு நான் சொல்லப் போறதில்லை, அது இங்க முக்கியமும் இல்லை. முகம் வட்டமா ஆனதும் ஊரெல்லாம் "உன் மாமியார் நல்லா சதை போட்டுட்டாங்க"ன்னு சொன்னாங்க. ஒரு ஐப்பசி அடைமழையில் வேலை நின்னுபோச்சு. வேலை இல்லையே, மாத்திரை எதுக்குன்னு அத்தை நிறுத்திட்டாங்க. அஞ்சாறு நாளில் வாந்தி, மயக்கம், எழுந்து உட்காரக்கூட முடியலை. பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டது முதல்ல இதைத்தான்: "என்ன மாத்திரை சாப்பிட்டாங்க?" எங்ககிட்ட இருந்தது ஒரு வெத்துக் காகிதக் கவர்.

அப்புறம் ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டு அவர் விளக்கினார். நம்ம உடம்பு தானாவே கொஞ்சம் ஸ்டீராய்டு சுரக்கும். வெளியிலிருந்து ரொம்ப நாள் கொடுத்தா உடம்பு, சரி வெளியிலிருந்துதான் வருதே என்று சுரக்கிறதை நிறுத்திடும். திடீர்னு மாத்திரையை விட்டா ரெண்டும் இல்லாம உடம்பு படுத்துடும், உயிருக்கே ஆபத்து. அதனால கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு, விடுறதுக்கு எட்டு மாசம் ஆச்சு. இப்போ அத்தை நல்லா இருக்காங்க. முட்டி வலி இருக்குது, உயிரும் இருக்குது.

நான் இதை எதுக்குச் சொல்றேன்னா, இன்னிக்கு என் பேச்சைக் கேட்டுட்டு நாளைக்கே யாரும் மாத்திரையைத் தூக்கிக் கடல்ல போட்டுடாதீங்க. ரொம்ப நாள் போட்ட ஸ்டீராய்டையும் தூக்க மாத்திரையையும் திடீர்னு நிறுத்தக் கூடாது. தூக்க மாத்திரையைச் சட்டுன்னு விட்டா வலிப்பு வரலாம். டாக்டர் குறைச்சுத் தருவார், அதன்படி விடணும். சர்க்கரை, பிரஷர், வலிப்பு, மனநோய்க்கு டாக்டர் எழுதித் தந்த மாத்திரையை யாரும் இந்தக் கணக்குல சேர்க்காதீங்க, அதை ஒழுங்கா சாப்பிடணும். புற்றுநோய் வலியில் துடிக்கிறவங்களுக்கு டாக்டர் மார்பின் கொடுத்தா, அய்யோ போதைன்னு தடுக்காதீங்க. வலியோட சாகணும்னு யாருக்கும் விதி இல்லை.

அடுத்து, பழக்கம் எப்படி அடிமைத்தனமா மாறுதுன்னு பார்ப்போம். முதல்ல ஒரு மாத்திரையில் வலி போகும். கொஞ்ச நாளில் அதே வலிக்கு ரெண்டு வேணும். உடம்பு பழகிடுச்சுன்னு அர்த்தம். அப்புறம் போடாட்டி கை நடுங்கும், வேர்க்கும், எரிச்சல் வரும், தூக்கம் போகும். உடம்பு அதைக் கேட்க ஆரம்பிச்சிடுச்சு. மூணாவது படியில் வலி இல்லாட்டியும் மாத்திரை வேணும். ஒளிச்சு வைக்கிறது, பொய் சொல்றது, வேற வேற கடையில் வாங்குறது, அதுக்காகக் கடன் வாங்குறது. இந்தப் படிக்கு வந்தவங்களைக் கெட்டவங்கன்னு சொல்லிப் பிரயோஜனம் இல்லை. மூளை மாறிப் போச்சு. அது நோய், அதுக்கு வைத்தியம் இருக்குது.

டாக்டர் எழுதின மருந்துதானே, அது எப்படிக் கெடுக்கும்னு சிலர் கேட்பாங்க. அமெரிக்காவில் 1996-ல் ஆக்சிகான்டின் என்று ஒரு வலி மாத்திரை வந்தது. இதில் அடிமை ஆகிற ஆபத்து குறைவுன்னு சொல்லி பர்டூ பார்மா என்ற கம்பெனி விற்றது. டாக்டர்களும் தாராளமா எழுதினாங்க. அந்த வகை மாத்திரையில் ஆரம்பிச்ச பழக்கம் ஊர் ஊரா பரவி, பிறகு ஹெராயின் வரைக்கும் போய், லட்சக்கணக்கான பேர் செத்தாங்க. அந்தக் கம்பெனி 2007-லும் 2020-லும் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அவ்வளவு பெரிய படிச்ச நாட்டிலேயே இந்தக் கதைன்னா, கவரில் பேர் இல்லாம வாங்குற நாம எந்த மூலை?

நம்ம நாட்டிலும் கணக்கு இருக்குது. 2018-ல் டெல்லி எய்ம்ஸ் மூலமா மத்திய அரசு எடுத்த கணக்கெடுப்பை 2019-ல் வெளியிட்டாங்க. டாக்டர் சொல்லாம தூக்க மாத்திரை வகைகளைப் போடுறவங்க சுமார் 1.18 கோடி பேர். அதில் எத்தனை பேர் நம்ம மாதிரி வீட்டோட இருக்கிறவங்களோ! புருஷன் குடிக்கிற வீட்டில், கடலுக்குப் போனவர் திரும்பாத வீட்டில், பொண்ணு கல்யாணக் கடன் கழுத்தை நெரிக்கிற வீட்டில், ராத்திரி ஒரு மாத்திரையைப் போட்டுட்டுத்தான் பல பொம்பளைங்க கண்ணை மூடுறாங்க. அவங்களுக்குத் தூக்கம் தேவைதான். ஆனா மனசுல உள்ள பாரத்தை மாத்திரை இறக்கி வைக்காது, ஒரு ராத்திரிக்கு மூடி வைக்கும். ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, தூக்க மாத்திரையும் சாராயமும் ஒண்ணா சேர்ந்தா மூச்சே நின்னு போகலாம்.

இப்போ நம்ம பிள்ளைங்க. டபென்டடால் மாதிரி வலி மாத்திரையைப் போதைக்காக வாங்கி, ஊசியில் ஏத்திக்கிற பசங்களைப் போலீஸ் பிடிச்சதா தமிழ்நாட்டில் பல ஊரிலிருந்து செய்தி வருது. ஒரே ஊசியை நாலு பேர் குத்திக்கிட்டா எச்.ஐ.வி.யும் மஞ்சள் காமாலைக் கிருமியும் சேர்ந்து வரும். வீட்டில் பாட்டியோட மாத்திரை அட்டையில் எண்ணிக்கை குறையுதா, கையில் ஊசித் தழும்பு இருக்குதா, பகலெல்லாம் தூங்கி வழியறானா, படிப்பு திடீர்னு இறங்குதா, பழைய சிநேகிதங்களை விட்டுட்டுப் புது ஆளுங்களோட சுத்துறானா, காசு காணாம போகுதா? இதையெல்லாம் தாய்தான் முதல்ல கவனிக்க முடியும். கவனிச்சா அடிக்காதீங்க, ஊர்ல சொல்லி அசிங்கப்படுத்தாதீங்க. பக்கத்துல உட்கார வச்சுக் கேளுங்க, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.

சட்டம் என்ன சொல்லுதுன்னும் தெரிஞ்சுக்கணும். 1945-ம் வருஷத்து மருந்து விதிகளில் எச் அட்டவணைன்னு ஒண்ணு இருக்குது. அதில் உள்ள மருந்தை டாக்டர் சீட்டு இல்லாம விற்கக் கூடாது. 2013-ல் எச் 1 என்று இன்னும் கடுமையான அட்டவணை அறிவிச்சு, 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. டிரமடால், அல்பிரசோலம், டயசிபாம், கோடீன் எல்லாம் அதில் இருக்குது. இதை விற்றா எழுதின டாக்டர் பேர், நோயாளி பேர், மருந்து பேர், எத்தனை என்று கடையில் தனி நோட்டில் எழுதி 3 வருஷம் வச்சிருக்கணும். அட்டையில் சிவப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை இருக்கும். டிரமடாலை 2018-ல் போதைப்பொருள் சட்டத்துக்குள்ளேயே கொண்டு வந்துட்டாங்க. படிக்கத் தெரியாதவங்களும் அட்டையில் சிவப்புக் கட்டத்தைப் பார்க்கலாம். அதைப் பார்த்தா, சீட்டு இல்லாம வாங்கக் கூடாதுன்னு புரிஞ்சுக்குங்க.

ஒரு பொம்பளையால என்ன செய்ய முடியும்னு கேட்கிறவங்களுக்கு சென்னை சாந்தி ரங்கநாதன் அம்மாவைச் சொல்வேன். குடிப்பழக்கத்தால கணவரை இழந்தவங்க. மூலையில் உட்கார்ந்து அழாம, 1980-ல் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தை ஆரம்பிச்சு, போதைக்கு அடிமையானவங்களுக்கு வைத்தியம் பார்த்தாங்க. டி.டி.கே. மருத்துவமனைன்னு சொன்னா பலருக்குத் தெரியும். நோயாளிக்கு மட்டும் இல்லாம, கூட இருந்து கஷ்டப்படுற பொண்டாட்டிக்கும் அம்மாவுக்கும் ஆலோசனை வேணும்னு செஞ்சாங்க. கிராமத்துக்கே போய் முகாம் நடத்தினாங்க. 1992-ல் பத்மஸ்ரீ விருது கிடைச்சது. ஊர்க்காரங்க கூட நின்னா போதையிலிருந்து மீள முடியும்னு அந்த முகாம்கள் காட்டுது.

சரி, நாம என்ன செய்யலாம்?

பேர் இல்லாத, அட்டையிலிருந்து பிரிச்ச மாத்திரையை வாங்காதீங்க. அட்டையோட, பில்லோட கேளுங்க. ஒருத்தர் மாத்திரையை இன்னொருத்தர் கடன் வாங்காதீங்க. உளுந்து கடன் வாங்கலாம், மாத்திரை கூடாது. வீட்டில் மாத்திரையைப் பிள்ளைங்க கைக்கு எட்டாம, எண்ணி வைங்க. வேலைக்குப் போகும்போது தண்ணி பாட்டிலோட மோரோ கூழோ எடுத்துட்டுப் போங்க.

முட்டி வலி, இடுப்பு வலிக்கு மரக்காணம் அரசு மருத்துவமனைக்குப் போங்க. 2021 ஆகஸ்ட் 5-ல் ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து உடற்பயிற்சி சொல்லித் தர்ற இயன்முறை மருத்துவர் இருக்காங்க. வீடு வீடா பிரஷர், சர்க்கரை மாத்திரை கொடுக்கிற தன்னார்வலர் நம்ம குழுப் பொண்ணுங்கதான். அவங்ககிட்ட வெட்கப்படாம சொல்லுங்க. பழக்கத்தை விட முடியலைன்னா முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் மனநலப் பிரிவு இருக்குது. போதை மறுவாழ்வு ஆலோசனைக்கு 14446, மன ஆறுதலுக்கு 14416, ரெண்டும் காசு இல்லாத நம்பர். யாராவது மாத்திரை போட்டு எழுப்ப முடியாம கிடந்தா, மூச்சு மெதுவா வந்தா, உதடு நீலமானா, ஒருக்களிச்சுப் படுக்க வச்சு உடனே 108 கூப்பிடுங்க. அட்டையையும் கையோட எடுத்துட்டுப் போங்க.

கடைசியா ஒண்ணு சொல்லணும். இது கொஞ்சம் சங்கடமான பேச்சு, ஆனா நம்ம கூட்டமைப்பில் சொல்லாம வேற எங்க சொல்றது? என் மாமியார்கிட்ட, "வலிச்சா ரெண்டு நாள் வீட்ல இருந்திருக்கலாமே அத்தை"ன்னு கேட்டேன். அவங்க சொன்ன பதில்: "குழுத் தவணை கட்டணுமே. நான் கட்டலைன்னா மொத்தக் குழுவுக்கும் பேர் கெடுமே." அக்காமாரே, நாம சேர்ந்தது ஒருத்தருக்கு ஒருத்தர் கைகொடுக்க. நம்ம தவணைத் தேதிக்குப் பயந்து ஒருத்தி மாத்திரை போட்டு உடம்பைக் கெடுத்துக்கிட்டா, நூறு சதவீதம் கடன் திரும்பிடுச்சுன்னு நாம கைதட்டுறதுல என்ன அர்த்தம் இருக்குது?

அதனால கூட்டமைப்புக்கு மூணு கோரிக்கை வைக்கிறேன். டாக்டர் சீட்டோட ஓய்வு எடுக்கிற உறுப்பினருக்கு உள்கடன் தவணையில் ஒரு மாசம் தள்ளிக் கொடுக்கணும், அபராதம் போடக் கூடாது. ரொம்ப முடியாதவங்களுக்கு நலிவுநிலை குறைப்பு நிதியிலிருந்து உதவணும். ரெண்டாவது, ஒவ்வொரு குழுக் கூட்டத்திலும் சேமிப்பு எழுதி முடிச்சதும் அஞ்சு நிமிஷம் உடம்பைப் பத்திப் பேசணும், யார் என்ன மாத்திரை போடுறாங்கன்னு மனசு விட்டுச் சொல்லணும். அங்க பேசினது வெளியே போகக் கூடாது. மூணாவது, நாம எல்லாரும் சேர்ந்து போய் மருந்துக் கடைக்காரங்ககிட்ட மரியாதையா சொல்லணும், சீட்டு இல்லாம எங்களுக்கும் எங்க பிள்ளைங்களுக்கும் கொடுக்காதீங்கன்னு. கேட்கலைன்னா மருந்து ஆய்வாளர்கிட்ட எழுத்துல கொடுக்கணும். உப்பள முதலாளிங்ககிட்ட நிழல், குடிதண்ணி, கழிப்பறை கேட்கவும் அதே மாதிரி சேர்ந்துதான் போகணும். தனியா ஒருத்தி போனா வேலை போயிடும், நாம அத்தனை பேரும் போனா கேட்டுத்தான் ஆகணும்.

 கோரிக்கையைத் தீர்மானமா எடுத்துக்கணும்னு தலைவி அக்காவைக் கேட்டுக்கொள்கிறேன்.